கடைசி அரை மணி நேரம்

"செத்தானா, பிழைச்சானா? அதை முதல்ல சொல்லு. மத்ததெல்லாம் அப்புறம்," என்றாள் கஸ்ஸான் அம்மா, காப்பிப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டே.

ஹியாம் அவசரப்படவில்லை. பால்கனி ஓரத்துப் பிரம்பு நாற்காலியில் சாய்ந்து, ஏலக்காய் மணக்கும் முதல் கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தாள். இரண்டு வருஷமாக அந்த நாற்காலியும் முதல் கோப்பையும் அவளுக்குத்தான்.

பெய்ரூட்டில் அவர்கள் தெருவுக்கு அரசாங்கக் கரண்டு வந்தால் அது பண்டிகை. மற்ற நாளெல்லாம் தெரு ஜெனரேட்டர்தான். அதையும் ஜெனரேட்டர்காரன் பதினோரு மணி அடித்தால் அணைத்துவிடுவான். டிவியில் படம் முடிவதோ பதினொன்றரைக்கு. ஆக, கட்டடத்தில் எல்லா வீட்டிலும் கதாநாயகன் அந்தரத்தில் தொங்குவான். மறுநாள் காலை மூன்றாம் மாடியில், கஸ்ஸான் அம்மா வீட்டுக் காப்பிக்குக் கூடும் பெண்கள் படத்தைப் பிய்த்து மேய்வார்கள். இன்றைக்கும் அப்படித்தான். கதாநாயகனுக்கு மீசை ஒட்டவே இல்லை என்றாள் இரண்டாம் மாடி நுஹாத். மாமியாராக வந்தவள் நடிக்கவில்லை, வாழ்ந்திருக்கிறாள் என்றாள் கஸ்ஸான் அம்மா. எல்லாம் சரி, முடிவு மட்டும் ஐந்தாம் மாடி ஹியாம் வாயிலிருந்துதான் வரவேண்டும். அவள் வீட்டில்தானே ஜெனரேட்டர் நின்ற பிறகும் டிவியை ஓடவைக்கும் பாட்டரி இருக்கிறது!

இருந்தது என்று சொல்லவேண்டும். எட்டு மாதத்துக்கு முன்பே அது உயிரை விட்டுவிட்டது. புதிது வாங்க வழியில்லை. லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் படிக்கட்டு வழியாக அதைத் தூக்கிக்கொண்டு இறங்கினால் நாலு பேர் பார்ப்பார்கள். அதனால் ஒருநாள் விடியற்காலையில் பழைய இரும்புக்காரனைக் கீழே நிற்கவைத்து, காய்கறி வாங்கும் கூடையில் பாட்டரியை வைத்துத் துணியால் மூடி, பால்கனியிலிருந்து கயிற்றில் இறக்கினாள். நடுவில் எங்கோ சிக்கி நின்றுவிட்டது. கடவுள் புண்ணியத்தில் தானாகவே விடுபட்டு இறங்கியது.

அன்று முதல் முடிவுகளை அவளே செய்துகொண்டாள். கணவன் குறட்டை விடுவான். இவள் பக்கத்தில் விழித்துக் கிடந்து, தொங்குகிறவனை இறக்கி, பிரிந்தவர்களைச் சேர்த்து, கெட்டவன் கன்னத்தில் இரண்டு அறையும் விட்டுவிட்டுத்தான் தூங்குவாள். வாடகைக் கார் ஓட்டுகிறவன் பெண்டாட்டி. படிப்பும் கிடையாது. வேறு எதற்காகவும் யாரும் அவள் வாயைப் பார்த்துக் காத்திருந்ததில்லை. இந்த நாற்காலி போனால் அவளுக்கு எல்லாமே போச்சு.

"கடல்ல போனவன் போயிட்டான்னுதான் ஊரே நினைச்சுது," என்று ஆரம்பித்தாள். "அவன் பொண்ணு கல்யாணத்தன்னிக்கு வாசல்ல ஒருத்தன் வெறுங்காலோட வந்து நிக்கிறான். தாடி நெஞ்சு வரைக்கும். யாருக்கும் அடையாளம் தெரியல. பொண்டாட்டி மட்டும் ஒரு வார்த்தை கேக்கல. உள்ள போனா. அவனோட பழைய செருப்பைக் கொண்டுவந்து காலடியில வெச்சா."

நுஹாத்துக்குக் கைக்குட்டை தேடப் பொறுமையில்லை. மேசைத் துணியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சுக்குங்க," என்று ஒரு குரல்.

ரோலா. ஆறாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவள். வந்த கையோடு மொட்டை மாடி முழுக்கச் சூரிய மின்தகடுகளைப் பரப்பியவள். அவள் வீட்டில் ராத்திரி முழுக்க விளக்கு எரியும். காப்பிக்கு இன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்திருந்தாள்.

"நான் முழுசாப் பார்த்தேன். அவன் கடல்லயே செத்துடறான். வெறும் அலையைக் காட்டி முடிச்சுட்டாங்க. நீங்க வேற படம் பார்த்தீங்களோ என்னவோ," என்றாள். குத்திக்காட்டும் புத்தி அவளுக்கு இல்லை, கள்ளமில்லாமல்தான் சொன்னாள். இன்று காலை பத்து மணிக்கு அதே படத்தை மறுபடி போடுகிறார்களாம், எல்லோரும் தன் வீட்டுக்கே வந்து பார்க்கலாமாம்.

ஹியாம் கோப்பையைத் தட்டில் வைத்தாள். எல்லாக் கண்களும் அவள் மேல்தான். நீ தூங்கிவிட்டாய், கனவு கண்டிருப்பாய் என்று ரோலாவை அடித்துப் பேசிவிடலாம்தான். ஆனால் பத்து மணிக்கு மாட்டிக்கொண்டு நிற்பதைவிடத் தானே சொல்லிவிட்டுப் போவது மேல். நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"எங்க வீட்டுப் பாட்டரி..." என்று ஆரம்பித்தாள்.

"உக்காருடி," என்றாள் கஸ்ஸான் அம்மா. பிறகு ரோலா பக்கம் திரும்பினாள். "இங்க பாரும்மா. செத்தா செத்துட்டுப் போறான். சாவைப் பார்க்கவா டிவி போடறோம்? இந்த ஊர்ல அதுக்கு ஜன்னலைத் திறந்தா போதாதா? எங்களுக்கு ஹியாம் சொல்றதுதான் படம்."

"செருப்பைப் போட்டுக்கிட்டானா இல்லையா, அதைச் சொல்லுக்கா," என்று நுஹாத் அவசரப்படுத்தினாள்.

ரோலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் முக்காலியைப் பிரம்பு நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"போட்டுக்கிட்டானாக்கா?" என்றாள்.

ஹியாம் உட்கார்ந்தாள். ராணி மாதிரி உட்கார்ந்தாள். அவன் செருப்பைப் போட்டுக்கொண்டான், மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் கொடுத்தான், ஊரையே ஆடவைத்தான். மீசை ஒட்டாத குறையைக்கூட அவள் விடவில்லை. தாடி வந்ததும் அது மறைந்துவிட்டது என்றாள். வீடே சிரித்தது.

அவள் கோப்பையை மறுபடி நிரப்பக் குனிந்த கஸ்ஸான் அம்மா, காதோரம் சொன்னாள்: "அன்னிக்கு உன் கூடை என் பால்கனிக் கம்பியில சிக்கி நின்னுச்சே, தானா விடுபட்டுச்சுன்னா நினைச்சே? நான் எடுத்து விட்டேன், கீழ நுஹாத் தாங்கிப் பிடிச்சா. எனக்குக் கைவலி போக நாலு நாள் ஆச்சுடி."