கடைசித் தையல் வரை

“போன தடவை வச்சது போதலையா? இன்னும் பெருசா வேணுமாடி உனக்கு?”

தங்கை நாரே கண்ணாடி முன் நின்றிருந்தாள். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையாகத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். சந்தையில் கிம்ச்சி ஊறுகாய்க் கடையை அடைத்துவிட்டு, கிளினிக்குக்குத் துணையாக வந்திருந்த மிரானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பூசான் நகரத்தில் ஆபீஸ் பயிற்சி என்று புளுகிவிட்டுப் போய், மார்பைப் பெரிதாக்கிக்கொண்டு வந்தவள் இவள். எங்கே, யாரிடம் என்று இன்றுவரை மூச்சு விடவில்லை. இடது பக்கம் கல்லாக இறுகிப்போய், கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் போன பிறகுதான் வீட்டுக்கே விஷயம் தெரிந்தது. ஞாயிறுதோறும் பொதுக் குளியல் கூடத்தில் அக்காளும் தங்கையும் முதுகு தேய்த்துக்கொள்வார்கள். அதுவும் அத்தோடு நின்றது.

“சூடுபட்ட பூனைகூட அடுப்புப் பக்கம் போகாது. உனக்கு அந்தப் புத்தியும் இல்ல” என்றாள் மிரான்.

“கத்தாதேக்கா. நான் பெருசாக்கப் போகலை. கேஸ் போடணும்னா, ‘இது தப்பா செஞ்சது’ன்னு ஒரு டாக்டர் சொல்லணும். ஆறு பேர்கிட்ட போயிட்டேன். ஒருத்தன் தப்பை இன்னொருத்தன் சொல்ல மாட்டேங்கறான். எல்லாம் உன் உடம்புவாகுங்கறான்.”

“இன்னிக்குப் பாக்கப்போறவன் மட்டும் சொல்லிக் கிழிச்சிடுவானாக்கும்!”

“இவன் சொல்லுவான். பீத்தறவன் வாய் சும்மா இருக்காது.”

நாரே போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். அழகு அறுவை கிளினிக்குகள் நிறைந்த அப்குஜோங் பகுதியில் ஒரே நாளில் நாலு கிளினிக் ஏறி இறங்குகிற பெண்கள் எல்லோரும் டாக்டர் பேச்சைப் பதிவு செய்வார்கள். வீட்டில் வந்து போட்டுக் கேட்டுத்தான் எது மெய், எது புளுகு என்று தீர்மானிப்பார்கள்.

கிளினிக் ஒன்பதாவது மாடியில் இருந்தது. சுவர் முழுக்க ஒட்டிய படத்தில் டாக்டர் பியோ கையைக் கட்டிக்கொண்டு சிரித்தார். படத்துக்குக் கீழே, ‘மயக்க ஊசி முதல் கடைசித் தையல் வரை நானே!’

“ஆமா, இவரேதான்!” என்றாள் மிரான் எல்லோருக்கும் கேட்கும்படி. “பேசறது பேர் வாங்கினவன், மயங்கினதும் வெட்டறது வேற ஒருத்தன். ஊரே சிரிக்குது.”

மேலாளர் பெண் சுருக்கென்று நிமிர்ந்தாள். “அதெல்லாம் வேற இடத்துல இருக்கும். இங்க இல்ல. சந்தேகம்னா வேற இடம் பாருங்க. முதல் தடவையா?”

“ஆமா” என்று படிவத்தை வாங்கிய நாரே, பெயர் கேட்ட இடத்தில் ‘மிரான்’ என்று எழுதினாள்.

“என் பேரை எதுக்குடி இழுக்கறே?”

“என் பேர் இங்க வேண்டாம்க்கா.”

அசிங்கத்துக்கு மட்டும் என் பேர் வேண்டுமா என்று மிரான் பல்லைக் கடித்தாள். முகக்கவசத்தைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு தங்கை டாக்டர் அறைக்குள் நடக்க, மிரானும் பின்னாலேயே போனாள்.

மேஜையில் நாரே வைத்த போனைப் பார்த்து டாக்டர் பியோ சிரித்தார். “தாராளமா பதிவு பண்ணிக்கோங்க. எனக்கு ஒளிக்க ஒண்ணுமில்ல. ஒரு நாளைக்கு முப்பது பேரைப் பாக்கறேன், மூஞ்சி மறந்துடும். ஆனா என் கை போட்ட தையலைப் பத்து வருஷம் கழிச்சுக் காட்டுங்க, சொல்லிடுவேன்.”

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சும்மாவா சொன்னார்கள் என்று நினைத்துக்கொண்டாள் மிரான்.

நாரே பொத்தான்களைக் கழற்றினாள். மிரான் அந்த வடுவை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். தோல் சுருங்கி, ஒரு பக்கம் மேலேறி, தையல் கோணல்மாணலாக ஓடியது. காலையிலிருந்து தான் பேசிய பேச்செல்லாம் அவளுக்கே கசந்தது.

டாக்டர் அழுத்திப் பார்த்து உச்சுக் கொட்டினார். “ஐயையோ! கசாப்புக் கடைக்காரன்கூட இதைவிட ஒழுங்கா வெட்டுவான். சிலிக்கான் பை வச்ச இடமே தப்பு. தையல் அதைவிடக் கேவலம், கத்துக்குட்டி வேலை.”

“என் உடம்புவாகுன்னு சொன்னாங்க, டாக்டர்.”

“உடம்பு மேல பழி போடறானா? கையாலாகாத பய! செஞ்சவன் மேலதான் தப்பு. நான் திறந்து, நானே சரி பண்ணித் தரேன்.”

“இதைக் கோர்ட்டுல கேட்டாலும் சொல்வீங்களா?”

“எங்க வேணா சொல்லுவேன், எனக்கு யாருகிட்ட பயம்? எவன் பண்ணினான் இதை? பேரைச் சொல்லுங்க. அவனெல்லாம் கத்தியே பிடிக்கக் கூடாது.”

நாரே ஒவ்வொரு பொத்தானாக நிதானமாகப் போட்டாள். முகக்கவசத்தைக் கழற்றினாள். கைப்பையிலிருந்து, இரண்டு வருஷத்துக்கு முந்தைய தன் ஆபரேஷன் பதிவேட்டின் நகலை எடுத்து விரித்து, போனுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“உங்க பேருதான் எழுதியிருக்கு, டாக்டர்.”