பிழையான துவக்கு

ஆனந்தராசா பொலித்தீன் பையிலிருந்து துவக்கை எடுத்து, குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பி மேசையில் வைத்தார். அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்புக் கந்தோரில் ஒருவரும் பதறவில்லை. பக்கத்து மேசைப் பெண் கோப்பியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"காலைக் காட்டுங்கோ, அண்ணை," என்றார் மொழிபெயர்க்க வந்த கிறகரி.

ஆனந்தராசா சப்பாத்தைக் கழற்றினார். வலது காலில் மூன்றே விரல்கள். மற்ற இரண்டையும் ஊரில் ஆமிக்காரன் எடுக்கவில்லை. ரொக்ஸ்பரோவில் துப்புரவு வேலைக்குப் போன வீட்டில், அலுமாரிக்குள் நின்ற வேட்டைத் துவக்கு, பாதுகாப்புப் பூட்டுப் போட்டபடியே சரிந்து வெடித்து எடுத்தது.

"அந்த வீட்டை நாளைக்கும் நான்தான் கூட்டோணும்," என்றாள் மனைவி சிசிலி. "செய்த கொம்பனிக்காரர் அந்தத் துவக்கைத் திருப்பி எடுக்காட்டி அடுத்தது என்ர கால்தான்."

அகதி விசாரணையில் பட்டுத் தெளிந்தவர்கள். ஆதாரம் காட்டாவிட்டால் நாம் பிறந்ததையே இந்த நாட்டில் நம்பமாட்டார்கள் என்று, எக்ஸ்ரே, பங்குத்தந்தையின் கடிதம், இரத்தம் காய்ந்த காலுறை என ஒரு கப்பல் சாமான் கொண்டுவந்திருந்தார்கள்.

மேசைக்கு அப்பால் இருந்த அதிகாரி அவற்றைத் தொடவில்லை. துவக்கைத்தான் தூக்கினார். விசையை இழுத்தார், அது கழன்று கையோடு வந்தது. பூச்சை நகத்தால் சுரண்டி மணந்தார். செத்த எலியை மணந்தவர்போல முகம் எட்டுக் கோணலானது.

"சீ! இப்பிடி ஒரு அருவருப்பையும் கடையில விக்கிறாங்களோ எண்டு கேக்கிறார்!" கிறகரிக்குக் குரல் கொள்ளவில்லை.

கந்தோரே கிளர்ந்தெழுந்தது. மூன்று தொலைபேசிகள் அலறின. முத்திரை குத்திய குத்தில் மேசைக்கு முதுகு முறிந்திருக்கும்.

"நாளைக்கு விடியமுன்னம் நாட்டில ஒரு கடையிலயும் இது இராதாம், அண்ணை!"

சிசிலி சிலுவை போட்டுக்கொண்டாள். "அப்ப, அலுமாரியில நிக்கிறதை எப்ப வந்து எடுப்பினம்?"

அதிகாரி விழித்தார். "எந்த அலுமாரி?"

"என்ர விரலைத் திண்ட துவக்கு, ஐயா!" ஆனந்தராசா பதறினார். "அது சரிஞ்ச விதத்தைக் காட்டத்தானே, தெருமூலைக் கடையில இந்த விளையாட்டுத் துவக்கை வாங்கினனான்!"

அதிகாரி தோளைக் குலுக்கி ஏதோ சொன்னார். கிறகரி தலை குனிந்தபடி மொழிபெயர்த்தார்.

"உண்மைத் துவக்கு இவையின்ர சட்டத்துக்குள்ள வராதாம், அண்ணை."