ஈரத்துணி நாளில் ஒரு ஸ்கிப்பிங் கயிறு

துணி காயப்போடுகிற டிரெட்மில்லை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மங்கையர்க்கரசி வீட்டில் ஒன்று இருந்தது. உடம்பைக் குறைக்கப் பெரிய விலை கொடுத்து வாங்கினாள். நாலு நாள் ஓடினாள். பிறகு அதன் கைப்பிடியில் பாவாடையும் போர்வையும் ஏறிவிட்டன.

அப்புறம் ஒருநாள் சந்தையில் மலிவாக ஒரு ஸ்கிப்பிங் கயிறு வாங்கி வந்து, பக்கத்து ஆணியில் மாட்டினாள்.

டிரெட்மில் சிரித்தது. "வாடா தம்பி! நானே இந்த வீட்டுல துணிக்கொடி ஆயிட்டேன். நீ பொறந்ததே கயிறாத்தான். தப்பிச்சிடுவியா?"

கயிற்றுக்குப் பகீரென்றது. ஆனால் தினமும் இட்லி வேகும் நேரத்தில் அவள் அதை எடுத்துக் குதித்தாள். முதலில் காலில் தட்டியது, போகப் போகத் தட்டவில்லை. கயிற்றுக்கு ஒரே குஷி.

அடைமழை பிடித்தது. துவைத்த துணியெல்லாம் ஈரத்தோடு வீட்டுக்குள் குவிந்தது. மங்கையர்க்கரசி கயிற்றைக் கையில் எடுத்து, கட்டுவதற்குத் தோதாக ஜன்னல் கம்பியைப் பார்த்தாள்.

கயிறு பதறியது. "அண்ணே, டிரெட்மில் அண்ணே! உங்க மேல காஞ்சு கிடக்கிற போர்வையைக் கொஞ்சம் நழுவ விடுங்கண்ணே. அங்க இடம் இருக்குறது அக்காவுக்குத் தெரியட்டும்."