இரண்டு கிளாஸ்

கொரோனா முடக்கம் தளர்ந்த வாரம், பிரதேச சபை உறுப்பினர் விஜிதரன் தன் ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி வட்டக்கச்சி ஒழுங்கைகளில் புறப்பட்டார். சந்தை திறந்ததையும் தடுப்பூசி போடும் இடத்தையும் தானே முதலில் சொல்லி நல்ல பெயர் எடுக்க நினைத்தார்.

முதல் வீட்டிலேயே, "சங்கிலி அண்ணை இப்பத்தான் சொல்லிப்போட்டுப் போறார்" என்றார்கள். வாசல் படலையடியில் அவர் மல்லித்தண்ணி குடித்த வெறும் கிளாஸ் இருந்தது. அடுத்த வீட்டிலும் அதே கதை, அதே கிளாஸ்.

சங்கிலி அவருக்கு முந்திய உறுப்பினர். கொரோனாவில் செத்து, பெட்டி திறக்காமலே தகனமானவர். அவர் போனதால்தான் விஜிதரனுக்கு அந்தக் கதிரை கிடைத்தது. விஜிதரனுக்குப் பயம் வரவில்லை, வயிறுதான் எரிந்தது. உயிரோடு திரிகிற தனக்கு ஒருவரும் ஒரு மிடறு தரவில்லையே.

சங்கிலியை முந்திவிட ஓட்டோவை விரட்டினார். கடைசி வீட்டுப் படலையில் கமலாட்சி இரண்டு வெறும் கிளாஸ்களை எடுத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்டும் இல்லையோ, அக்கா?"

"அவரோடை ஓட்டோவுக்கை இருந்து இப்பத்தானே குடிச்சனீங்கள், தம்பி."

விஜிதரன் மாஸ்க்கை இறக்கினார். வாய்க்குள் மல்லியின் சூடு இன்னும் ஆறவில்லை.