வலது பக்கத்துப் பதக்கம்

கர்னல் ஞானசேகரன் பதக்கத்தைக் கோட்டின் வலது பக்கம் குத்திக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தார்.

மற்ற பதக்கங்கள் எல்லாம் இடது பக்கம் ஒழுங்காகத்தான் இருந்தன. எழுபத்தொன்றாம் வருடப் போருக்காகக் கிடைத்த வீரப் பதக்கம், எதற்காக இந்த விழாவே நடக்கிறதோ அது மட்டும், வலது பக்கம் தனியாகத் தொங்கியது.

முன்வரிசையில் இருந்த மகள் உஷா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வாரம்தான் காய்கறி வாங்கப் போனவர், பிறந்து வளர்ந்த பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் சொந்த வீட்டுக்கு வழி தெரியாமல் பூங்கா வாசலில் நின்றிருந்தார். ஒரு ஆட்டோக்காரர் கொண்டுவந்து விட்டுப் போனார்.

இன்று காலை வீட்டிலேயே அவள் பதக்கத்தை இடம் மாற்றப் போனாள். கையைத் தட்டிவிட்டார். சண்டை போட நேரமில்லை. குடியிருப்போர் சங்கத்தின் கார் வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற பிரிகேடியர் ஒருவர். அவர் குனிந்து உஷாவின் காதில் ஓதினார். தன்னுடைய பதக்கம் என்றால் இடது பக்கம். வலது பக்கம் என்றால், இறந்துபோனவரின் பதக்கத்தை அவர் வீட்டு ஆட்கள் குத்திக்கொள்வது. உயிரோடு இருக்கிற மனிதர் இப்படிச் செய்தால் பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள் என்றார்.

சிரிக்கவும் செய்தார்கள். பின்னால் யாரோ போனில் படம் பிடித்தார்கள்.

சங்கச் செயலாளர் சுனிலுக்கு மைக் கிடைத்தால் போதும், சோறு தண்ணீர் வேண்டாம். கன்னடத்திலும் இங்கிலீஷிலும் மாறி மாறி முழங்கினார். தனி ஆளாகத் தவழ்ந்து போய் எதிரியின் பதுங்குகுழிக்குள் கையெறி குண்டு வீசியவர், பின்னால் வந்த அத்தனை பேரையும் காப்பாற்றியவர், நம் ஏரியாவின் பெருமை.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. கர்னல் முகத்தில் ஈயாடவில்லை.

பொன்னாடையோடு நெருங்கியபோதுதான் சுனில் பதக்கத்தைக் கவனித்தார். உஷாவுக்குக் கண்ணைக் காட்டினார்.

அவள் மேடையேறினாள். அப்பாவைப் பார்த்து ஊர் சிரிக்கக் கூடாது, அவளுக்கு அவ்வளவுதான் வேண்டும். தப்பாக நினைக்காதீர்கள், அப்பாவுக்கு இப்போதெல்லாம் ஞாபகம் சரியில்லை என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு, பதக்கத்தைக் கழற்றப் போனாள்.

அவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் நடுக்கமே இல்லை. இன்னொரு கையால் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

“என் பொண்ணு சொல்றது நிஜம்தான். எனக்கு ஒவ்வொண்ணா மறந்துட்டு வருது. தவழ்ந்து போனது நான் இல்ல, சிப்பாய் முனிராஜ். லிங்கராஜபுரத்துல ஹாஸ்டல்ல வளந்தவன். அப்பா அம்மா கிடையாது. அந்தப் பதுங்குகுழிகிட்டயே செத்துட்டான். அப்பவே சொன்னேன், மேலதிகாரிங்க யாரும் காதுல வாங்கல. அவனையும் மறந்து தொலைக்கறதுக்குள்ள சொல்லிடறேன். இது அவன் மெடல். அவனுக்கு வீட்டு ஆளுன்னா நான் ஒருத்தன்தான்.”

பின்னால் படம் பிடித்தவர் போனைக் கீழே இறக்கினார்.

பிரிகேடியர் எழுந்து நின்று, போதும், கீழே கூட்டிக்கொண்டு வா என்று உஷாவுக்குச் சைகை காட்டினார். அசடு வழியச் சிரித்தபடி சுனில் மைக்கை வாங்கக் கை நீட்டினார்.

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும், முனிராஜ் என்ற பெயரை உஷா கேட்டதில்லை. கையை உருவிக்கொண்டு, சுனிலுக்கும் அப்பாவுக்கும் நடுவில் போய் நின்றாள்.

“அப்பா இன்னும் பேசி முடிக்கல சார்.”