ஆள் இன்றைக்கே வருவாரா?

"சாக்கு சொன்னா கேட்டுக்கிட்டு உட்காராதே. வெச்சிட்டு அடுத்த நம்பருக்குப் போ," என்றார் சூப்பர்வைசர். "சாயங்காலத்துக்குள்ள ஒரு வீட்டையாவது பிடி. இல்லேன்னா நாளைக்கு இந்த நாற்காலியில வேற ஆள்."

அவன் தலையாட்டினான்.

தண்ணீர் ஃபில்டர் விற்கும் அலுவலகம். தடுப்புப் பலகைகளுக்கு நடுவே வரிசையாக நாற்காலிகள். போன் எண்களைக் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுக்கும். இவர்கள் பேச வேண்டும். எதிர்முனையில் சரி என்றால், கம்பெனி ஆள் நேரில் போய்க் கருவியை மாட்டிக் காட்டுவார். வேண்டாம் என்றால், அதே எண்ணைக் கம்ப்யூட்டர் இன்னொரு நாற்காலிக்குத் தள்ளிவிடும்.

சேர்ந்ததிலிருந்து அவனுக்கு ஒரு வீடும் சிக்கவில்லை. இந்த வேலையும் போனால் மனைவி ஒன்றும் சொல்ல மாட்டாள். அதுதான் பயமாக இருந்தது.

"ஏன் மாப்ளே மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்கே?" என்றார் பக்கத்து நாற்காலிக்காரர். வாய் ஓயாததால் அவருக்கு ரேடியோ என்று பெயர். "புளுகுறதுல ஜனங்களை அடிச்சுக்க முடியாது. காலையிலேர்ந்து எனக்கு ஒருத்தர் குளிச்சிட்டிருந்தாரு, ஒருத்தி லிஃப்ட்ல மாட்டிக்கிட்டா, ஒருத்தரு செத்தே போயிட்டாரு. அவரே சொன்னாரு."

அவன் சிரிப்பதற்குள் காதில் மணி அடித்தது. அடித்து முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ. வெச்சுடாதீங்க," என்றது ஒரு பெண்குரல்.

இந்த வேலையில் அவன் சொல்ல வேண்டிய வரி அது.

"மேடம், உங்க வீட்டுத் தண்ணி சுத்தமானதுதானான்னு நீங்க எப்பவாவது..."

"ஃபில்டர்தானே? வேணும். ஆள் நேர்ல வருவாரு இல்லையா?"

"வருவாரு மேடம்."

"இன்னைக்கே வருவாரா?"

அவன் எழுந்து கையை உயர்த்தினான். சூப்பர்வைசர் வந்து முதுகுக்குப் பின்னால் நின்றார். எல்லாக் கேள்வியையும் வரிசைப்படி கேட்டுவிட்டுத்தான் முகவரி வாங்க வேண்டும். அதற்குள் பலபேர் மனம் மாறிவிடுவார்கள்.

"வீட்டுல இப்ப தண்ணி எப்படி மேடம்?"

"ஒரு சொட்டு இல்ல."

அவள் குரல் எதிரொலித்தது. சாமான் இறக்காத வீடு என்று நினைத்துக்கொண்டான். புதிதாகக் குடிவந்தவர்கள் என்றால் ஃபில்டர் நிச்சயம்.

"எத்தனை பேர் இருக்கீங்க?"

"ரெண்டு பேர். நானும் மாமனாரும்." பக்கத்தில் யாரோ இழுத்து இழுத்து மூச்சு விடுவது கேட்டது. "மாமா, சுவத்துல சாஞ்சுக்குங்க. பேசிட்டேன், வந்துடுவாங்க."

"ஃபில்டர் மாட்டுற எடத்துல ஜன்னல் இருக்கா மேடம்?"

"இல்ல. நாலு பக்கமும் சுவருதான். சார், வர்றவர் ஸ்பேனர் எல்லாம் வெச்சிருப்பாரா? கம்பி மாதிரி ஏதாவது? நெம்புறதுக்கு?"

ரேடியோ தன் ஹெட்போனை ஒதுக்கிவிட்டு அவன் ஹெட்போன் பக்கம் காதைக் கொடுத்திருந்தார். "உன்னை வெச்சு வெளையாடுறா மாப்ளே. கட் பண்ணு," என்றார்.

இருக்கலாம். போன வாரம் ஒருவர் இப்படித்தான் கடைசிவரை ஆமாம் போட்டுவிட்டுச் சிரித்தார். அவன் விரல் சிவப்புப் பொத்தான்மேல் போய் நின்றது. சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஹலோ? சார், இருக்கீங்களா?" அவள் குரல் உடைந்தது. "நான் வெளையாடல. சத்தியமா வாங்கிக்கிறேன். ரெண்டா வேணும்னாலும் வாங்கிக்கிறேன். வெச்சுடாதீங்க."

ஒரு தண்ணீர் ஃபில்டருக்காக யாரும் அழுது அவன் கேட்டதில்லை. விரலை எடுத்தான்.

"வைக்கல மேடம். பேசுங்க."

"நீங்க பேசுங்க. உங்க குரல் கேட்டாத்தான் மாமாவுக்குக் கொஞ்சம் தைரியம்."

மனப்பாடம் செய்ததை எல்லாம் ஒப்பித்தான். எத்தனை அடுக்கு வடிகட்டி, எந்த நிறக் குழாய், எதைக் கழற்றிக் கழுவ வேண்டும். இதுவரை அவனை யாரும் அவ்வளவு தூரம் பேச விட்டதில்லை. ஒவ்வொன்றுக்கும் அவள் "சரி" என்றாள். நடுவில் அந்த மூச்சு மட்டும் நீண்டுகொண்டே போனது.

"கடைசியா அட்ரஸ் மேடம்."

அதற்காகவே காத்திருந்ததுபோல் மடமடவென்று சொன்னாள். தெருப் பெயர், கட்டட எண், எதிரே இருக்கும் பெட்ரோல் பங்க். "திருப்பிச் சொல்லுங்க," என்றாள். சொன்னான். "இப்பவே ஆளை அனுப்பிட்டீங்களா?"

சூப்பர்வைசர் இன்னொரு மேசைக்குச் சைகை காட்டினார். அங்கிருந்தவர் ஆளுக்குப் போன் போட்டுவிட்டுக் கட்டைவிரலை உயர்த்தினார்.

"கிளம்பிட்டாரு மேடம். பக்கத்துலதான் இருக்காரு."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. சூப்பர்வைசர் அவன் தோளைத் தட்டினார். நாளைக்கும் இந்த நாற்காலி அவனுடையதுதான்.

"எத்தனாவது மாடி மேடம்?"

"மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல. லிஃப்டுக்குள்ள," என்றாள் அவள். "மொபைல்ல சிக்னல் இல்ல, இங்கிருக்கிற போன்ல வெளியேயிருந்து வர்ற அழைப்பைத்தான் எடுக்க முடியுது சார், முன்னாடி கூப்பிட்ட உங்க ஆளுங்ககிட்ட உண்மையைச் சொன்னேன், வெச்சுட்டாங்க."