முப்பத்தொன்றாம் எண்

ஒரு செருப்பைக் கழற்றியவர் மற்றதைக் கழற்றவில்லை.

வகுப்பறை ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

ஆசிரியர் மேஜைமேல் ஒன்பது படங்கள். ஒன்பதுக்கும் செவ்வந்தி மாலை. செத்துப்போன ஒன்பது மாணவர்கள். கடைசிப் படத்துக்குக் கீழே அட்டையில் எழுதியிருந்தது அவருடைய பேர். தே. ஞானதிரவியம்.

படத்தில் இருந்தது அவரில்லை. அவருடைய அண்ணன்.

அண்ணன் இறந்து நேற்றோடு முப்பது நாள். அந்த ஜெபத்துக்குத்தான் பிலாயிலிருந்து வந்திருந்தார். வந்த இடத்தில் பள்ளிக்கூட வாசலில் பேனர். பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு, பழைய மாணவர் கூட்டம். பார்த்தபின் கால் சும்மா இருக்குமா?

பஸ் ஸ்டாண்டில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அண்ணன் பேரைக் கொட்டை எழுத்தில்தான் போட்டிருந்தார்கள். ஆனால் போஸ்டரில் பேரை எவன் படிக்கிறான்? அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே மூக்கு, ஒரே காது. முகத்தைப் பார்த்ததும், நம்ம பய போய்ட்டான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

சிரிப்பு வந்தது. உள்ளே போய், எல, நான் இன்னும் சாகல என்று ஒரு சத்தம் போட்டால் முடிந்தது.

போகவில்லை.

இரண்டாவது பெஞ்சில் ஆவுடையப்பன் இருந்தான்.

தலை முழுக்க நரைத்துவிட்டது. பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஜன்னலோர இடத்தில் ஒரு மஞ்சப்பையை வைத்திருந்தான். படிக்கிற காலத்தில் அந்த இடம் இவருடையது.

அந்த வருஷம் டிரில் மாஸ்டரின் சைக்கிள் டியூபை எவனோ பிளேடால் கிழித்துவிட்டான். கிழித்தது இவரில்லை. அடி வாங்கியது இவர். டிசி வாங்கியதும் இவர். மறுவாரமே அப்பா ரயிலேற்றி, இரும்பாலையில் வேலை பார்த்த மாமாவிடம் பிலாய்க்கு அனுப்பிவிட்டார். படிப்பு அதோடு சரி.

மாஸ்டரிடம் போட்டுக்கொடுத்தது யார்?

ஆவுடையப்பனா? சேச்சே, அவனா? பின்னே வேறு யார்? நாற்பத்தைந்து வருஷமாக மனசுக்குள் இதே பாட்டு. ஒரு கடிதாசி போட்டுக் கேட்டிருக்கலாம். ஆமாம் என்று பதில் வந்துவிட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தில் கேட்கவேயில்லை.

உள்ளே மைதீன் பிச்சை பழைய அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரை விரித்தான். அன்றைக்கும் அவன்தான் லீடர், இன்றைக்கும் அவனேதான்.

எண்ணைக் கூப்பிட்டான். உயிரோடிருப்பவர்கள் "உள்ளேன் ஐயா" என்றார்கள். செத்தவனின் எண் வந்தபோது, பெஞ்சில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுந்தான். தனக்கு மட்டும் தெரிந்த ஒன்றைச் சொன்னான். பிறகு செத்தவனுக்காக அவனே "உள்ளேன் ஐயா" என்று சொல்லி உட்கார்ந்தான்.

ஏழாம் எண் பரீட்சைக்கு முன்னால் சாக்பீஸ் தின்பானாம். பதினெட்டாம் எண் ஒரு காதல் கடிதம் எழுதி, பிழை திருத்தித் தரச் சொல்லித் தமிழய்யாவிடமே நீட்டினானாம். அந்தப் பெண் அய்யாவின் மகள். அறை முழுக்கச் சிரிப்பு. வராண்டாவில் இவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இருபத்திரண்டாம் எண்ணுக்குப் பக்கத்து ஆள் வரவில்லை. மைதீன் பிச்சை மூன்று தரம் கூப்பிட்டான். ஆப்சென்ட் போட்டுவிட்டான். செத்தவன் என்பதற்காகச் சட்டம் மாறுமா?

இவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. தன் எண்ணுக்கு எழுந்திருக்க வேண்டியவன் ஆவுடையப்பன். என்ன சொல்லப்போகிறான்?

"முப்பத்தொன்று."

டிசி கொடுத்தபோது சிவப்பு மசியால் அடித்த பேர். மைதீன் பிச்சை அதையும் விடவில்லை.

ஆவுடையப்பன் எழுந்தான். இவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர் டியூபைக் கிழிச்சது நான். இவன்தான் கிழிச்சான்னு மாஸ்டர்ட்ட சொன்னதும் நான்தான். பாத்திருப்பானோன்னு பயந்து முந்திக்கிட்டேன். இவன் பாக்கவே இல்ல."

யாரும் சிரிக்கவில்லை.

முதலில் வந்தது கோபம். சண்டாளப் பாவி, என் படிப்பையே தின்றுவிட்டானே. உள்ளே போய்ச் சட்டையைப் பிடிக்கத்தான் தோன்றியது. கூடவே, அப்பாடா, தெரிந்துவிட்டது என்று நெஞ்சு லேசானது. இரண்டும் ஒன்றாக வரும் என்று அவர் நினைத்ததில்லை.

அவன் இதைச் செத்தவனிடம்தான் சொல்லியிருக்கிறான். இப்போது உள்ளே போனால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வான்? இப்படியே திரும்பிப் பஸ் ஏறிவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. முப்பத்தொன்றாம் எண் செத்தவனாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆவுடையப்பன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். கடைசி இரண்டு வார்த்தை பாக்கி இருந்தது. வாயைத் திறந்தான். வரவில்லை.

"முப்பத்தொன்று."

மறுபடி திறந்தான். தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

மைதீன் பிச்சை பேனாவின் மூடியைக் கழற்றினான். கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தான்.

"முப்பத்தொன்று."

"உள்ளேன் ஐயா."

குரல் ஜன்னலிலிருந்து வந்தது.

பெஞ்சுகள் கிறீச்சிட்டன. எல்லாத் தலையும் திரும்பியது. மைதீன் பிச்சையின் பேனா தரையில் உருண்டது.

ஆவுடையப்பன் மட்டும் திரும்பவில்லை. கழுத்து விறைத்திருந்தது. பிறகு கையை மட்டும் நீட்டி, ஜன்னலோரத்திலிருந்த மஞ்சப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

அவர் மற்றக் கால் செருப்பைக் கழற்றினார்.